டிக்கெட் வாங்காதது

கடைசிப் படகு ஹெல்தெர்மாவில் கட்டியபின்
கார்கள் இறங்கிப்போன தளத்தைக் கழுவிவிடுவது என் வேலை.
ஆகஸ்ட் பதினான்கு. இரவு பதினொன்றரை.
நான்காவது விளக்குக்குக் கீழே இரும்புச் சுவரில்
ஒட்டிக்கொண்டிருந்தது:
சீரக அளவு உடம்பு,
சாம்பல் சிறகில், எரிந்த தீக்குச்சியால்
யாரோ இழுத்துப் பாதியில் விட்ட கோடு.

ஒன்பது வருடமாக விட்டில் பார்க்கிறேன்.
இந்தத் தீவின் விட்டில்களை
அடுத்த வீட்டு நாய்களைப் போல் தெரியும் எனக்கு.
இது தெரியவில்லை.
கையிலிருந்த ஹோஸைக் கீழே வைத்தேன்.
தண்ணீர் என் பூட்ஸுக்குள் போனது.

மாத்திரைக் குப்பியில் பிடித்து
ஃப்ரீஸரில், மீன் பொட்டலங்களுக்கு நடுவே வைத்தேன்.
இதைச் சொல்லாமல் விடலாம். சொல்கிறேன்:
பெயர் வேண்டுமென்றால் உயிர் போக வேண்டும்.
இதேபோல் இன்னொரு இனம் உண்டு, சிறகு அச்சு அசல்.
அடிவயிற்றைத் திறந்து
உள்ளிருக்கும் ஒரு கொக்கியின் வளைவைப் பார்த்தால்தான்
இதுவா அதுவா என்று விளங்கும்.
நான் திறக்கவில்லை. தார்த்துவுக்குத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஆர்வெட் குஸ்க் எழுதினார்:
"தெற்கத்தி இனம்தான், சந்தேகமில்லை.
லாத்வியாவுக்கு வடக்கே இதுவரை யாரும் பதியவில்லை.
வாழ்த்துகள்.
ஒரே ஒரு கேள்வி. பிடித்தது தீவிலா, படகிலா?"

இஞ்சின் அறை வெல்லோ விழுந்து விழுந்து சிரித்தான்:
"டிக்கெட் வாங்கிச்சான்னு கேக்கிறார், மீலி!"

அவர் கேட்டது நியாயம்.
அக்கரையில், ரொஹுகூலாவில், லாரித் தார்ப்பாயில் தொற்றி
ஒன்றேகால் மணி நேரம் கடல் தாண்டியிருக்கலாம்.
வந்தது வேறு, வாழ்வது வேறு.
படிவத்தில் "நிலை" என்று ஒரு கட்டம்.
அதை வெறுமையாக விட்டிருந்தார்.

அந்தக் கட்டம் எனக்குப் பழக்கம்.
கல்யாணமாகி இத்தீவுக்கு வந்து இருபத்தொரு வருடம்,
அந்தக் கல்யாணம் முறிந்தே ஆறு.
இன்னும் கடையில் நான் அக்கரைக்காரி.
பூச்சிக்கு ஒரு புழுவைக் காட்டினால் போதும்.
எனக்கு என்ன காட்டுவது என்று
யாரும் சொல்லவில்லை.

பனிக்காலம் முழுக்கப் படித்தேன்.
புழு ஜூனிப்பர் தின்னும்.
ஊசியிலைகளை நூலால் இழுத்துக் கட்டி
உள்ளே குடித்தனம் நடத்தும்.
ஜூனிப்பரா! கல்லை எறிந்தால் இங்கே
ஜூனிப்பர் மேல்தான் விழும்.

மே மாதத்து விடுமுறை நாளெல்லாம்
கடலோரப் புல்வெளியில் முழங்காலிட்டேன்.
சிலந்தி நூல். சிலந்தி நூல். ஆட்டு ரோமம்.
மறுபடி சிலந்தி.
கீறல் விழுந்த கைகளால் டிக்கெட் கிழித்தேன்.
வெள்ளைத் துணி கட்டி விளக்கேற்றினால்
இரவு இருட்ட மறுத்தது.
விளக்கைவிட வானம் வெளிச்சம்,
ஒரு பூச்சியும் ஏமாறவில்லை.

ஜூன் ஒன்பது.
லாரிகள் வரிசை கட்டும் இடத்தில்,
ஓட்டுநர்கள் சிறுநீர் கழிக்கும் புதரில்,
பழுப்பேறிய ஒரு கொத்து.
பிரித்தேன்.
முதுகில் கருங்கோடு ஓடிய புழு
பின்பக்கமாகவே ஓடியது.
அடுத்த கிளையில் இன்னொன்று. கீழே மூன்று.
பதினேழு வரை எண்ணினேன்,
பதினேழையும் மறுபடி எண்ணினேன்.
பிரித்த ஊசிகளை விரலால் சேர்த்துப் பிடித்தேன்.
ஒட்டவில்லை. அந்த வேலை எனக்கு வராது.

ஒன்றை மட்டும் ஜாம் ஜாடியில் வளர்த்தேன்.
அதையும் ஃப்ரீஸரில் வைப்பேன் என்று
தெரிந்தே தினமும் தழை மாற்றினேன்.

நகத்தளவுக் காகிதத்தில் பென்சிலால் எழுதியது:
ஹீயுமா, ஹெல்தெர்மா துறை.
ஜூனிப்பரில் புழு, 9 ஜூன். சிறகு வந்தது 21 ஜூலை.
சேகரித்தவர் எம். தம்மிக்.

குஸ்க் கட்டத்தை நிரப்பி அனுப்பினார்: "வாழ்கிறது."

வெல்லோ கேட்டான், "சரி, எப்படித்தான் வந்துச்சு?"
"நம்ம படகுலதான். வேற எப்படி?"

அதை எழுத லேபிளில் இடமில்லை.
ஐந்தே முக்கால் படகுக்கு லாரிகள் வரத் தொடங்கின.
முதல் லாரியின் முகப்பு விளக்கில்
ஏதோ சுற்றியது, கொசுவாக இருக்கலாம்.
போய்ச் சங்கிலியை இறக்கினேன்.